மெத்தில், எத்தில், ஐசோபியூட்டைல்... லேபிளில் இருக்கும் இந்தப் பெயர்களுக்கு என்ன அர்த்தம்? ஒரு கார்பன் மாறினால் என்ன ஆகும்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்டார்கள். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வாரம் முழுக்க செய்திகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: மெத்தனால். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் இதே சொல்தான்.

மதுபானங்களில் இருப்பது எத்தனால். ஆளைக் கொன்றது மெத்தனால். பேரைப் பார்த்தா ஒரே ஒரு எழுத்துதான் கூடுதல். மூலக்கூறில் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. அவ்வளவுதான். நிறம் ஒன்று, வாசனையும் ஏறக்குறைய ஒன்று. குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த 'மெத்', 'எத்' என்ற சின்ன ஒட்டுகள் என்ன சொல்கின்றன? பிளஸ் ஒன் வேதியியலில் 'ஆல்கைல் தொகுதி' என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பாடம்தான் இது. ஆனால் சமையலறை சிலிண்டர் முதல் ஆஸ்துமா இன்ஹேலர் வரை, வீட்டில் இருக்கும் பாதி லேபிள்களைப் படிக்க அந்தப் பாடம்தான் சாவி.

ஆல்கைல் தொகுதின்னா என்ன?

கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரே கை. ஒரு கார்பன் தன் நான்கு கைகளாலும் நான்கு ஹைட்ரஜனைப் பிடித்திருந்தால் அது மீத்தேன். சாண எரிவாயுவில் எரிவது அதுதான். இப்போது அந்த நான்கில் ஒரு ஹைட்ரஜனை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு கை காலியாகிறது. அந்தக் காலிக் கையோடு நிற்கும் துண்டுதான் மெத்தில்.

தனியாக இருக்கும்போது 'ஏன்' என்று முடியும் பெயர், இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளத் தயாராகும்போது 'இல்' அல்லது 'ஐல்' என்று மாறும். மீத்தேன் மெத்தில் ஆகும், ஈத்தேன் எத்தில் ஆகும், புரப்பேன் புரப்பைல், பியூட்டேன் பியூட்டைல். தமிழில் முதல் இரண்டுக்கு 'இல்', பிறகு 'ஐல்' என்று எழுதுவது நம்ம உச்சரிப்புப் பழக்கம்தான். வேதியியலில் எல்லாம் ஒரே விகுதி.

மெத்தில் ஒரு கார்பன், எத்தில் இரண்டு, புரப்பைல் மூன்று, பியூட்டைல் நான்கு. ஐந்துக்கு மேல் கிரேக்க எண்ணுப் பெயர்கள் வந்துவிடும்: பென்டைல், ஹெக்சைல், ஹெப்டைல், ஆக்டைல். 'பென்டா'வும் நம்ம ஊர் 'பஞ்ச'மும் தூரத்துச் சொந்தம் என்பதால் ஐந்தை மறக்கவே முடியாது. சிக்கல் முதல் நான்கில்தான். அவை எண்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது.

'மெத்தில்' பெயருக்குள்ளேயே மது

1830-களின் நடுவில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ழான் பாப்டிஸ்ட் டூமாவும் யூஜின் பெலிகோவும் ஒரு திரவத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மரக்கட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் வடிந்து வரும் 'மர சாராயம்' அது. அதற்குப் பெயர் வைக்க இரண்டு கிரேக்கச் சொற்களை எடுத்தார்கள். 'மெத்தி' என்றால் மது, 'ஹைலி' என்றால் மரம். மெத்தில் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். கிரேக்க 'மெத்தி'யும் சமஸ்கிருத 'மது'வும் ஒரே வேரில் பிறந்தவை. ஆக, குடிக்கவே கூடாத சாராயத்தின் பெயருக்குள்ளேயே 'மது' உட்கார்ந்திருக்கிறது.

எத்தில் என்ற பெயர் ஜெர்மானியரான யுஸ்டஸ் லீபிக் 1834-ல் வைத்தது. மயக்க மருந்தாகப் பின்னாளில் புகழ்பெற்ற ஈதரிலிருந்து வந்தது. புரப்பைல், புரப்பியானிக் அமிலத்திலிருந்து. 'முதல் கொழுப்பு' என்பது அதன் கிரேக்கப் பொருள். மூன்று கார்பன் இருப்பதற்கு 'முதல்' என்று பெயர் வந்தது எப்படி என்றால், கொழுப்பு அமிலம் போல நடந்துகொள்ளும் வரிசையில் அதுதான் முதலாவது. பியூட்டைல் என்பது வெண்ணெய். கெட்டுப்போன வெண்ணெயிலிருந்து வரும் அந்தக் குமட்டல் நாற்றம் பியூட்டைரிக் அமிலத்துடையது. அதிலிருந்துதான் நான்கு கார்பனுக்கு அந்தப் பெயர். மரம், ஈதர், கொழுப்பு, வெண்ணெய் என்று நினைவில் வைத்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தானாக வந்துவிடும்.

ஒரு கார்பன் குறைந்தால் ஏன் உயிர் போகிறது?

சாராயத்தை உடைப்பது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. அதற்கு மெத்தனாலா எத்தனாலா என்ற கவலை இல்லை. எது வந்தாலும் ஒரே வேலையைச் செய்யும். எத்தனால் வந்தால் அது அசிட்டால்டிஹைடாகி, பிறகு அசிட்டிக் அமிலமாகும். வினிகரில் இருக்கும் அதே அமிலம். உடம்பு அதை எரித்துத் தீர்த்துவிடும். மெத்தனால் வந்தால்? அதே நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். ஆய்வகங்களில் உடல் பாகங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினின் மூலப்பொருள் அது. அடுத்த படியில் ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீர் என்பது இதனால்தான். இது ரத்தத்தில் தேங்கி, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. முதலில் அடி வாங்குவது கண் நரம்பு.

இதில் பயங்கரம் என்னவென்றால், குடித்தவுடன் எதுவும் தெரியாது. மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை, அது மாறி வரும் பொருள்தான் கொல்கிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். சில நேரம் ஒரு நாள்கூட ஆகலாம். வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல், பனி மூட்டத்தில் நிற்பது போன்ற உணர்வு என்று தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். 'ராத்திரி குடிச்சேன், காலையில நல்லாதான் இருந்தேன்' என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே படுத்திருப்பதுதான் பலரைக் கொல்கிறது.

மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று ஃபோமெபிசோல். அது அந்த நொதியையே பூட்டிவிடும். அதன் வேதிப்பெயர் 4-மெத்தில்பைரசோல். விஷத்திலும் மெத்தில், விஷமுறிவிலும் மெத்தில்!

அப்போ மெத்தில்னாலே விஷமா?

இல்லவே இல்லை. காலை காபியில் இருக்கும் கஃபீனில் மூன்று மெத்தில் தொகுதிகள் இருக்கின்றன. அதில் ஒன்று குறைந்தால் சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின். கை கால் மரத்துப்போனால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மெத்தில்கோபாலமின் மாத்திரை, கோபால்ட் அணுவில் ஒரு மெத்தில் ஒட்டிய பி12 வைட்டமின். முதுகு வலிக்குத் தேய்க்கும் தைலங்கள் பலவற்றின் அந்தக் காரமான வாசனை மெத்தில் சாலிசிலேட்.

ஆல்கைல் தொகுதியின் பெயர் பாதித் தகவல்தான். அது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது மீதிப் பாதி. எத்தில் தொகுதி, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியோடு சேர்ந்தால் சாராயம். அதே எத்தில், கந்தகம்-ஹைட்ரஜன் ஜோடியோடு சேர்ந்தால் எத்தில் மெர்காப்டன். சமையல் எரிவாயுவில் இருக்கும் புரப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் தனியாக வாசனை கிடையாது. 'கேஸ் லீக் ஆகுது' என்று மூக்கு கண்டுபிடிப்பது, எச்சரிக்கைக்காகவே கலந்த இந்த எத்தில் மெர்காப்டனைத்தான்.

பாதிப் பெயரை மட்டும் சொல்லி ஊரை ஏமாற்றிய கதையும் உண்டு. 1920-களில் அமெரிக்காவில் பெட்ரோலில் டெட்ராஎத்தில் லெட் கலந்து விற்றார்கள். ஒரு ஈய அணுவைச் சுற்றி நான்கு எத்தில். விளம்பரத்தில் ஈயம் என்ற சொல்லே வரவில்லை, 'எத்தில்' என்றுதான் விற்றார்கள். 1924-ல் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆனாலும் உலகத்தின் கடைசி ஈய பெட்ரோல் பங்க் மூடப்பட்டது 2021-ல்.

பாதரசத்தில் கதை தலைகீழ். ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவு வழியாக மீனுக்குள் போய், மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது மெத்தில் பாதரசம். சில தடுப்பூசிகளில் கிருமி வளராமல் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் தியோமெர்சலிலிருந்து வருவது எத்தில் பாதரசம். மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் அளவுக்கு ஆகிறது, எத்தில் வகைக்கு ஏறக்குறைய ஒரு வாரம். இரண்டையும் ஒன்றாக்கி, 'தடுப்பூசியில் மினமாட்டா விஷம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்த ஒரு கார்பனைக் கவனிக்காததால் வரும் குழப்பம்.

ஐசோ, செகண்டரி, டெர்ஷியரி: இங்கதான் மாணவர்கள் தடுமாறுவாங்க

மெத்திலுக்கும் எத்திலுக்கும் ஒரே வடிவம்தான். மூன்று கார்பன் வந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. மூன்று பேர் கைகோத்து வரிசையாக நிற்கிறார்கள். காலிக் கை யாரிடம்? ஓரத்தில் நிற்பவரிடம் என்றால் அது நார்மல் புரப்பைல். நடுவில் நிற்பவரிடம் என்றால் ஐசோபுரப்பைல். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் பஞ்சிலும், சில சானிடைசர்களிலும் இருக்கும் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் இந்த நடு ஆள்தான். கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன இரண்டு சானிடைசர் கலவைகளில் ஒன்று 80 சதவீத எத்தனால், மற்றொன்று 75 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால். சானிடைசர் என்பதற்காக இதைக் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. உடம்புக்குள் அது அசிட்டோனாக மாறும்.

நான்கு கார்பனுக்கு வந்தால் நான்கு வகை. வரிசையாக நின்று ஓரத்தில் கை காலி என்றால் நார்மல் பியூட்டைல். அதே வரிசையில் உள்ளே நிற்பவரின் கை காலி என்றால் செகண்டரி பியூட்டைல், பாடப்புத்தகத் தமிழில் ஈரிணைய பியூட்டைல். இப்போது வரிசையை மாற்றுங்கள். ஒருவர் நடுவில், மூன்று பேர் அவரைச் சுற்றி. சுற்றி நிற்பவர்களில் ஒருவரின் கை காலி என்றால் ஐசோபியூட்டைல். நடுவில் இருப்பவரின் கையே காலி என்றால் டெர்ஷியரி பியூட்டைல், அதாவது மூவிணைய பியூட்டைல். இணைய எண்ணிக்கை வேறொன்றுமில்லை: காலிக் கை உள்ள கார்பன், எத்தனை கார்பன்களைப் பிடித்திருக்கிறது என்பதுதான். இரண்டைப் பிடித்திருந்தால் ஈரிணைய, மூன்றைப் பிடித்திருந்தால் மூவிணைய.

காய்ச்சல், மூட்டு வலிக்கு வாங்கும் ஐபுப்ரோஃபென் பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'ஐபு' என்பது ஐசோபியூட்டைல், 'ப்ரோ' என்பது புரப்பியானிக் அமிலம், 'ஃபென்' என்பது ஃபீனைல் வளையம். மருந்தின் முழு வரைபடமும் பெயரிலேயே இருக்கிறது. சமையல் எண்ணெயும் சிப்ஸும் சிக்குப் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் டிபிஹெச்க்யூ-வில் 'டிபி' என்பது டெர்ஷியரி பியூட்டைல்.

நைட்ரஜனில் எது ஒட்டியிருக்கிறது? மருந்தே மாறிடும்

ஆல்கைல் தொகுதியின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். நம் உடம்பே சுரக்கும் நோர்அட்ரினலினில் ஒரு நைட்ரஜன் இருக்கிறது. அதில் ஆல்கைல் எதுவும் இல்லை. அது முக்கியமாக ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஐசியுவில் அழுத்தம் விழுந்தவர்களுக்குக் கொடுப்பது இதனால்தான். அந்த நைட்ரஜனில் ஒரு மெத்தில் சேர்ந்தால் அது அட்ரினலின். இப்போது ரத்தக் குழாயோடு இதயம், மூச்சுக்குழாய் இரண்டிலும் வலுவாக வேலை செய்யும். மெத்திலுக்குப் பதில் ஐசோபுரப்பைல் வைத்தால் ஐசோபிரெனலின். ரத்தக் குழாயைச் சுருக்கும் வேலை ஏறக்குறைய போய்விடும். மூச்சுக்குழாய் விரியும், ஆனால் இதயமும் படபடவென்று அடிக்கும்.

ஆஸ்துமாக்காரருக்கு இதயம் படபடப்பது வேண்டாத தொல்லை. அடுத்த படியில் நைட்ரஜனில் இன்னும் பருமனான டெர்ஷியரி பியூட்டைலை வைத்து, வளையத்திலும் சிறிய மாற்றம் செய்தார்கள். வந்தது சால்பியூட்டமால். பெரும்பாலும் நுரையீரலில் மட்டும் வேலை செய்யும் மருந்து. மூச்சு முட்டும்போது அழுத்தும் அந்த நீல இன்ஹேலரில் இருப்பது இதுதான். பெயரின் நடுவில் 'பியூட்' ஒலிப்பதைக் கவனித்தீர்களா? அந்த டெர்ஷியரி பியூட்டைல்தான்.

பட்டப்பெயர் பத்தாது

கார்பன் கூடக் கூட வகைகள் கட்டுக்கடங்காமல் போகும். ஐந்து கார்பனில் 8 வகை ஆல்கைல், ஆறில் 17, ஏழில் 39, எட்டில் 89, பத்தில் 507. ஐசோ, நியோ என்று எத்தனை பட்டப்பெயர் வைக்க முடியும்? 1892-ல் ஜெனீவாவில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் கூடி முறையான பெயரிடலைத் தொடங்கினார்கள். 1919-ல் உருவான ஐயுபிஏசி அதை இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறது.

அந்த முறை எளிது. காலிக் கை உள்ள கார்பனிலிருந்து நீளமான சங்கிலியை எண்ணி, கிளைகளை அதன் மேல் சொன்னால் போதும். ஐசோபியூட்டைல் என்பது 2-மெத்தில்புரப்பைல். டெர்ஷியரி பியூட்டைல் என்பது 1,1-டைமெத்தில்எத்தில். ஐயுபிஏசியின் 2013 பரிந்துரைகளில் பழைய பெயர்கள் பலவும் கழித்துக் கட்டப்பட்டன. ஐசோபியூட்டைல், செகண்டரி பியூட்டைல், நியோபென்டைல் எல்லாம் இனி பரிந்துரைக்கப்படுவதில்லை. ஐசோபுரப்பைலுக்குப் பொதுப் பயன்பாட்டில் அனுமதி உண்டு, முதன்மைப் பெயர் புரப்பேன்-2-ஐல். டெர்ஷியரி பியூட்டைல் மட்டும் கெத்தாகத் தப்பித்து, முதன்மைப் பெயராகவே நீடிக்கிறது. ஆனால் மருந்துக்கடையும் தொழிற்சாலையும் சட்டென மாறிவிடுமா என்ன? லேபிள்களில் இன்னும் பழைய பெயர்கள்தான்.

பட்டப்பெயர்களை முழுசாக நம்பவும் முடியாது. பெட்ரோலின் ஆக்டேன் எண்ணில் 100 மதிப்பெண் வாங்கும் அளவுகோல் 'ஐசோ-ஆக்டேன்'. விதிப்படி ஐசோ என்றால் சங்கிலியின் கடைசிக்கு முந்தைய கார்பனில் ஒரே ஒரு மெத்தில் கிளைதான் இருக்க வேண்டும். இதில் மூன்று இருக்கின்றன. சரியான பெயர் 2,2,4-டிரைமெத்தில்பென்டேன்.

நீட் எழுதும் தமிழ்வழி மாணவர்கள் கவனிக்க

ஒரே சங்கிலியில் இரண்டு, மூன்று ஆல்கைல் தொகுதிகள் இருந்தால் அகர வரிசைப்படி எழுத வேண்டும். எந்த அகர வரிசை? ஆங்கில எழுத்து வரிசை. தமிழ் எழுத்தில் பெயரை எழுதிப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவது சுலபம். தமிழில் 'எத்தில்' முன்னால், 'பியூட்டைல்' பின்னால். ஆங்கிலத்தில் பியூட்டைல்தான் முதலில் வரும். தமிழில் 'ப' முடிந்து 'ம' வரும் என்பதால் புரப்பைலை மெத்திலுக்கு முன்னால் எழுதத் தோன்றும். அதுவும் தப்பு. பியூட்டைல், எத்தில், மெத்தில், புரப்பைல் என்பதே சரியான வரிசை.

டை, டிரை போன்ற எண்ணிக்கை ஒட்டுகளையும், செகண்டரி, டெர்ஷியரி என்ற அடைமொழிகளையும் வரிசைப்படுத்தும்போது கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் ஐசோவையும் நியோவையும் எடுக்க வேண்டும், அவை பெயரின் பகுதியாகவே கருதப்படுகின்றன. டெர்ஷியரி பியூட்டைலைத் தேட வேண்டியது பியூட்டைலின் இடத்தில், ஐசோபியூட்டைலைத் தேட வேண்டியது எத்திலுக்கும் மெத்திலுக்கும் நடுவில்.

எண் சிறியது என்பதற்காக முன்னால் எழுதவும் கூடாது. 4-எத்தில்-2-மெத்தில்ஹெக்சேன் என்பது சரி, 2-மெத்தில்-4-எத்தில்ஹெக்சேன் என்பது தவறு. 4-டெர்ஷியரி பியூட்டைல்-3-எத்தில்ஹெப்டேன் என்பதிலும் அதேதான். இரண்டு பக்கமிருந்து எண்ணினாலும் ஒரே எண்கள் வருகிற இக்கட்டில் மட்டும், அகர வரிசையில் முந்தி வருவதற்குச் சிறிய எண் கிடைக்கும். அதனால்தான் அது 3-எத்தில்-4-மெத்தில்ஹெக்சேன். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். விடைத்தெரிவுகளில் இந்த இரண்டு வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.